பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் சர்நேம் கட்டம்: இனிஷியல்காரர்களுக்கு ஒத்துவருமா?

பாஸ்போர்ட் சேவா தளத்தில் முகவரி, பெற்றோர் விவரமெல்லாம் தடையில்லாமல் நிரப்பிவிடலாம். தமிழர் கை நிற்கிற இடம் பெயர்க் கட்டம். கிவன் நேம் கட்டாயம், சர்நேம் கட்டாயமில்லை, இரண்டிலும் இனிஷியல் கூடாது. பள்ளிச் சான்றிதழிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எஸ். முருகனாகவே இருந்தவர் அந்த 'எஸ்'ஸை எங்கே கொண்டுபோய் வைப்பது? தளம் சொல்வதில்லை.

சர்நேம் என்பது படேல், ரெட்டி போலத் தலைமுறை தாண்டியும் மாறாமல் வரும் குடும்பப் பெயர். நம் இனிஷியல் அப்பாவின் சொந்தப் பெயர். பேரனிடம் போவதற்குள் உதிர்ந்துவிடும். சாதிப் பெயரை ஒட்டிக்கொள்ளாத நல்ல வழக்கம் இது. படிவம்தான் இதை மனத்தில் வைத்து வரையப்பட்டதல்ல.

காலியாக விட்டாலும் பாஸ்போர்ட் வரும். வில்லங்கம் அதற்குப் பிறகுதான். அமெரிக்க விசா படிவத்தில் சர்நேம் இல்லாமல் முடியாது. பாஸ்போர்ட்டில் அது காலியென்றால், கிவன் நேமில் உள்ளது முழுவதும் அங்கே சர்நேமாகிவிடும். முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.', அதாவது 'முதல் பெயர் தெரியவில்லை'. அப்புறம் அங்கே எடுக்கிற ஓட்டுநர் உரிமத்திலும் எஃப்.என்.யூ. முருகன்தான். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தபோது பயணம் தடைப்பட்டவர்களும் உண்டு. விமான டிக்கெட்டில் சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு தடவை எழுதச் சொல்லும். பதிவு செய்யும் முன் அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பான் அட்டை இதற்கு நேர் எதிர். அங்கே கடைசிப் பெயர்தான் கட்டாயம். ஒற்றைப் பெயர்க்காரர் அதை மட்டும் நிரப்பி, முதல் பெயரைக் காலியாக விடவேண்டும். ஒரே முருகன் ஒரு படிவத்தில் கிவன் நேம், இன்னொன்றில் லாஸ்ட் நேம்!

எங்கள் பரிந்துரை: கிவன் நேமில் முருகன், சர்நேமில் அந்த 'எஸ்'ஸின் விரிவான அப்பா பெயர் சுப்பிரமணியன். மாற்றிப் போட்டால் விசா, டிக்கெட் எல்லாவற்றிலும் அந்தத் தவறே தொடரும். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் சர்நேம்தான் முதலில் வரும். வரிக்கு 44 இடம், அதில் பெயருக்கு 39. அப்பா பெயரோடு ஊர்ப்பெயரையும் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் எண்ணிப் பார்ப்பது நல்லது.

அதிகம் சறுக்குவது ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான். சுப்பிரமணியன் முடிவது 'என்'னிலா 'எம்'மிலா, முத்துவில் 'டி'க்குப் பின் 'ஹெச்' உண்டா என்பதையெல்லாம் அப்பாவின் ஆதாரைப் பார்த்தே எழுத வேண்டும். உங்கள் ஆதாரில் இன்னும் இனிஷியல்தான் இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே விரித்துவிடுங்கள். ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் 2 வாய்ப்புதான். எழுத்துப்பிழைக்காக ஒன்றை வீணாக்காதீர்கள்.

திருமணமான பெண்கள் கணவர் பெயரைச் சர்நேமாக்கியே தீரவேண்டும் என்பது வெறும் பேச்சு. துணைவர் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. மாற்றினால் பான், வங்கி, சான்றிதழ் என்று எல்லாவற்றையும் பின்னாலேயே இழுக்கவேண்டிவரும்.

சேவை மையத்தில் 'ஏ' கவுன்ட்டரில் புகைப்படம் எடுத்தபின் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்வார்கள். பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பிழையோடு அச்சாகிவிட்டால் மறு வெளியீடுதான்: 36 பக்கப் புத்தகத்துக்கு மறுபடி 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000.

சேவைக்கு ஐந்துக்கு நான்கு தரலாம். பெயர்க் கட்டத்துக்கு இரண்டுக்கு மேல் மனம் வரவில்லை. 'இனிஷியலை விரித்துச் சர்நேமில் எழுதலாம்' என்று பக்கத்திலேயே ஒரு வரி போட்டிருந்தால் பாதிப் பேர் தப்பித்திருப்பார்கள்.

குழந்தைக்கு எடுப்பவர்களுக்கு ஒன்று: முருகன் மகன் கதிருக்குச் சர்நேம் முருகன், அப்பாவுக்கோ சுப்பிரமணியன். இரண்டும் ஒத்துப்போகாது. பயணத்தில் பிறப்புச் சான்றிதழ் நகல் கையில் இருக்கட்டும்.