பழைய எக்ஸ்ட்ரா கப்புக்கு ஒரு பின்கதவு

எக்ஸ்ட்ரா கப் பிக்கப், அதாவது முன் சீற்றுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தும் அதற்கெனத் தனிக் கதவு இல்லாத வண்டி, வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், பின்னால் ஏற முன் சீற்றை மடக்கி நாமும் மடங்க வேண்டும், அம்மம்மாவை நல்லூருக்குக் கூட்டிப் போவதென்றால் சொல்லவே வேண்டாம். அதனால் கொக்குவில் பக்கத்துக் கராஜ் ஒன்றில் இடப்பக்கம் கதவு வெட்டிப் போடக் கொடுத்தேன்.

ஒட்டு வேலை அருமை. 1997 ஃபோர்டு எஃப்-150இல் கம்பனியே போட்ட மூன்றாம் கதவு மாதிரி, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையில் நடுத்தூண் இல்லாமல், கீல் பின்பக்கம் இருந்து எதிர்ப்பக்கம் திறக்கும்படி கேட்டேன், மாட்டேன் என்றார் பாஸ். சரிதான், அதில் தூணின் பலத்தைக் கதவுக்குள்ளேயே வைத்துக் கட்டியிருப்பார்கள், இங்கே தூணை அறுத்தால் முன்கதவு லொக்கும் சீற் பெல்ட்டும் எதில் நிற்கும்? தூணை விட்டு, கூரையோரம் இரும்பு கொடுத்துத்தான் வெட்டினார்கள். வாசல் ஒடுக்கம், ஆனால் ஏறலாம்.

கடுப்பு என்னவென்றால், கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டையே விடவில்லை. மழைக்குப் பிறகு வளைவில் திருப்பினால் உள்ளே குளக் குளக் என்கிறது, துரு பிடிக்க இது போதும். திரும்பக் கொண்டுபோனதும் காசு கேட்காமல் துளைத்துக் கொடுத்தார்கள். கொடுப்பதென்றால் மாரிக்கு முதல் கொடுங்கள், பெயின்ட் அடிக்க முன் கதவோரத்து றபரில் தண்ணீர் அடித்து ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.