எக்ஸ்பி-100 ஆ, கன்டெண்டரா?

டெக்சஸில் இருக்கும் சித்தப்பா மகன் விடுமுறைக்கு வேலூர் வந்திருந்தான். "அண்ணே, ப்ரெய்ரி டாக் சுடவும் குறி அட்டையில் சுடவும் ஒரே பிஸ்டல் போதும். எதை வாங்கலாம்?" என்று கேட்டான். ப்ரெய்ரி டாக் நாயல்ல. மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டி வாழும் அணில் இனம். அது தலையை நீட்டும்போது குறி சில அங்குலம்தான். என் மனதில் வந்தவை இரண்டு பிஸ்டல்கள், எக்ஸ்பி-100, கன்டெண்டர். இரண்டிலும் ஒரு தடவைக்கு ஒரே தோட்டா.

ரெமிங்டன் எக்ஸ்பி-100 வந்தது 1963இல். ரைஃபிள் போல போல்ட் (தோட்டாவின் பின்னால் தள்ளிப் பூட்டும் உருளை) வைத்த பிஸ்டல். அதற்கென்றே .221 ஃபயர்பால் தோட்டா, நொடிக்குச் சுமார் 800 மீட்டர் வேகம். போல்ட் முன்பக்கமே இறுகப் பூட்டிக்கொள்வதால், மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டால் 100 கெஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் குண்டுகளைச் சேர்ப்பதாகப் பெயர் வாங்கியது. பிடி நடுவில் இருப்பதால் ட்ரிகர் ஒரு நீண்ட கம்பி வழியாகப் பின்னால் இருக்கும் சுடும் பொறியை இழுக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது.

தாம்சன் சென்டர் கன்டெண்டர் 1967இல் வந்தது. குழலை மடக்கித் திறந்து தோட்டா போடுவோம். குழலையே கழற்றி மாற்றலாம்: .22 எல்ஆர் (வலு குறைந்த சிறு தோட்டா, கீழே .22 என்பது இதுதான்), .22 ஹார்னெட், .223 (மிக வேகமான ரைஃபிள் தோட்டா) என்று விருப்பம் போல. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) குழல் மேலேயே இருப்பதால் மாற்றினாலும் குறி பெரிதாக நகராது. மூட்டை மேல் வைத்துச் சுட்டால் எக்ஸ்பி முந்தும். ஒரு காரணம் கன்டெண்டரின் சுத்தியல். அது விழுந்து தோட்டாவைத் தட்டும் வரை கை அசையக் கூடாது. காட்பாடியில் என் வீட்டு ஹாலில் .177 ஏர் பிஸ்டலை வைத்து 10 மீட்டர் பழகும்போது இதைத்தான் தினமும் பார்க்கிறேன்: ட்ரிகர் விடுபடும் கணத்தில் முன்குறி துளி சாய்ந்தாலும் அட்டையில் பத்து ஏழாகிவிடும்.

அந்தச் சுத்தியலை நான் குறையாகச் சொல்லவில்லை. பழகுபவனுக்கு அது நல்ல வாத்தியார். சுட்ட பிறகும் பிடியைத் தளர்த்தாமல் நிற்க வைக்கிறது. மலிவான .22 தோட்டாவில் நாள் முழுக்கச் சுடலாம், அப்புறம் அதே பிடி, அதே ட்ரிகரோடு .223 குழலை மாட்டலாம். எக்ஸ்பியில் அது முடியாது. ஆனால் .22இன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். 50 மீட்டருக்குக் குறி வைத்த சாதாரண .22 தோட்டா, 100 மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் கீழே விழும். காற்றும் அதை எளிதில் தள்ளும். தூரத்து வளைகளுக்கு .223 வேண்டும்.

"நம்ம ஊரிலே?" என்று கேட்டான். குடியாத்தம் பக்கம் எங்கள் மாமாவின் நிலக்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றி கிளறிப் போட்டால் எங்களுக்கும் வயிறு எரியும். ஆனால் 1972 வனஉயிரினச் சட்டத்தின்படி நாமாகச் சுடக் கூடாது. இங்கே அட்டை மட்டும்தான்.

தூரத்து ப்ரெய்ரி டாக் ஒன்றே நோக்கம் என்றால் எக்ஸ்பியைச் சொல்லியிருப்பேன். இரண்டும் வேண்டும் என்பதால் கன்டெண்டர் சொன்னேன்: முதலில் .22 குழல், குண்டுகள் ஓரிடத்தில் சேர ஆரம்பித்ததும் .223.