மாற்று மூட்டோடு ஏழு வருடம்

இடது முழங்காலில் மாற்று மூட்டு பொருத்தி ஏழு வருடம் முடிந்துவிட்டது. அப்போது எனக்கு 63 வயது. "வலிக்குமா, படி ஏறலாமா" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பதால் எழுதிவிடுகிறேன்.

எடுத்த எடுப்பில் இதற்கு வரவில்லை. 2014இல் ஒரு மருத்துவமனையில், துளை போட்டு உள்ளே கழுவிவிட்டால் போதும் என்றார்கள். செய்துகொண்டேன். நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. மூட்டுத் தேய்மானத்துக்கு ஆர்த்ராஸ்கோப்பி என்கிற அந்தத் துளை சிகிச்சை பெரிதாக உதவாது என்று அப்புறம்தான் தெரிந்தது. ஜவ்வு கிழிந்து மூட்டு பூட்டிக்கொண்டால் அது வேறு விஷயம். கால் வளைந்த இளவயதுக்காரர்களுக்குக் கீழ்க்கால் எலும்பை வெட்டி நிமிர்த்துவார்கள். உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பாதி மூட்டு போதும். எனக்கு முழங்கால் சில்லுக்கு அடியிலும் தேய்ந்துபோய், முழு மூட்டுதான் என்றாகிவிட்டது.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு மாற்று மூட்டு விலைக்கு வரம்பு வைத்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் உலோக மூட்டு 54,720 ரூபாய்க்கு இறங்கியது, வரி தனி. அந்த டிசம்பரிலேயே ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். மூட்டில் மிச்சமானதில் பாதியை அறை வாடகை தின்றது.

மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தார்கள். ஆபரேஷன் வலியை மாத்திரை பார்த்துக்கொண்டது. மடக்கும் வலிக்குத்தான் மருந்தில்லை. பிசியோ பெண்ணின் வண்டிச் சத்தம் கேட்டாலே வயிறு கலங்கும். ஆனால் முதல் ஆறு வாரம் சோம்பினால் உள்ளே தழும்பு இறுகி மூட்டு விறைத்துப்போகும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நல்ல காலால் மற்றதைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி, மூன்று மாதத்தில் 115 டிகிரி வரை மடக்க வந்தது. தூக்கம் திரும்ப அதற்கு மேலும் ஆனது.

இப்போது மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியைச் சுற்றி வருகிறேன், வலி இல்லை. படி இறங்க மட்டும் கைப்பிடி வேண்டும். தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலம் இன்னும் மரத்தே கிடக்கிறது. கீறும்போது தோல் நரம்பு அறுபடுமாம். சில நேரம் நடக்கையில் உள்ளே 'டக்' என்று கேட்கும். பழகிவிட்டது.

பழகாதது தரைதான். சம்மணம் போச்சு. கழிப்பறையை வெஸ்டர்னாக மாற்றினோம். பேத்தி தரையில் தாயம் உருட்டுகிறாள், நான் ஸ்டூலில் உட்கார்ந்து காய் நகர்த்தச் சொல்கிறேன். ஏமாற்றுகிறாள் என்று சந்தேகம்.

வலது முழங்காலும் முனக ஆரம்பித்துவிட்டது. "தாங்குற வரைக்கும் தாங்கட்டும்மா" என்றார் டாக்டர். தொடைப் பயிற்சியை இரண்டு காலுக்கும் சேர்த்தே செய்துகொண்டிருக்கிறேன்.