ஐந்து வருடமாக பேண்ட்கேம்ப்பில் தமிழ்ப் பாட்டு விற்கிறேன்

பேண்ட்கேம்ப் என்பது இசைக்கலைஞர்கள் தங்கள் பாட்டைக் கேட்பவர்களுக்கே நேராக விற்கும் இணையதளம். அதில் என் முதல் விற்பனை டொராண்டோவிலிருந்து வந்தது. ஐந்து பாடல்கள் கொண்ட தொகுப்புக்கு 4 டாலர் என்று விலை போட்டிருந்தேன். அவர் 10 கொடுத்திருந்தார். பேண்ட்கேம்ப்பில் 'இதற்கு மேல் கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம்' என்று ஒரு வசதி உண்டு. கூடவே வாங்குபவர் ஒரு குறிப்பும் எழுதலாம். "அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன், ரெண்டாவது பாட்டை மறுபடி போடச் சொன்னாங்க" என்று எழுதியிருந்தார். அன்று ராத்திரி அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை.

அது 2020. ஊரடங்கில் சாலிகிராமம் வீட்டில் மெத்தையைச் சுவரோரம் நிறுத்திவைத்துப் பதிவு செய்த பாடல்கள். அந்த வருடம் மார்ச் 20 அன்று பேண்ட்கேம்ப் தன் பங்கை ஒரு நாள் முழுக்க இசைக்கலைஞர்களுக்கே விட்டுக்கொடுத்தது. பிறகு அதுவே 'பேண்ட்கேம்ப் வெள்ளி' என்று தொடர்ந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் கணக்குத் தொடங்கினேன்.

மற்ற நாட்களில் பாட்டு விற்பனையில் 15 சதவீதம், டி-ஷர்ட், சிடி போன்ற பொருள் விற்பனையில் 10 சதவீதம் அவர்கள் பங்கு. பணம் பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக வருகிறது. பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இணைத்துவிட்டால் ரூபாயாக மாறி கணக்கில் விழும். ஆனால் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் பேபால் கட்டணம் இருக்கிறது, டாலரை மாற்றும் செலவும் இருக்கிறது. அதனால் ஒரு பாட்டை 1 டாலருக்குத் தனியாக விற்பதை விட்டுவிட்டேன், கையில் நிற்பது கொஞ்சம்தான். நாலைந்து பாட்டைச் சேர்த்து ஒரு தொகுப்பாகப் போடுவதே சரி.

பேண்ட்கேம்ப் வெள்ளி என்றால் நமக்கு முழு வெள்ளி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கணக்கு அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி. அங்கே கோடைநேரம் நடக்கும்போது சென்னையில் வெள்ளி மதியம் 12.30க்குத் தொடங்கி சனி மதியம் 12.30 வரை ஓடும், குளிர்காலத்தில் 1.30. முதல் தடவை வெள்ளி காலையிலேயே எல்லோருக்கும் லிங்க் அனுப்பிவிட்டேன். இப்போது மதியச் சாப்பாடு முடிந்து ஒன்று, லண்டன், டொராண்டோவில் இருப்பவர்களுக்காக ராத்திரி ஒன்று என்று இரண்டு தடவை அனுப்புகிறேன்.

சரி, சென்னையில் இருப்பவர்கள்? ஆரம்பத்தில் இவர்கள் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். அது தப்பு. பெசன்ட் நகரில் ஒரு மொட்டைமாடியில் பாடி முடித்ததும் ஒரு கல்லூரி மாணவர் வந்து, "அண்ணா, ஜிபே நம்பர் குடுங்க, டாலர்லாம் எனக்கு ஒத்துவராது" என்றார். பேபால் 2021 ஏப்ரலில் இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. கடை டாலரில் இருக்கிறது, கேட்பவரின் பணம் யுபிஐயில் இருக்கிறது. வாங்கும் மனம் இருக்கிறது, வழிதான் இல்லை.

பேண்ட்கேம்ப்பில் பதிவிறக்கக் குறியீடுகள் எடுத்துக்கொள்ளலாம். குறியீட்டைத் தட்டினால் பாட்டு முழுத்தரத்தில் இறங்கும். திருவல்லிக்கேணியில் ஒரு அச்சகத்தில் விசிட்டிங் கார்டு அளவில் அட்டை அடித்தேன். முன்பக்கம் தொகுப்பின் படம், பின்பக்கம் ஒரு பாட்டின் வரிகள். குறியீட்டை மட்டும் நானே உட்கார்ந்து பேனாவால் எழுதினேன். அட்டை 150 ரூபாய். கச்சேரி முடிந்து வாசலில் நின்று ஜிபேயில் வாங்கிக்கொண்டு அட்டையைக் கையில் கொடுத்தேன். இன்றுவரை எனக்கு நன்றாகப் போகிற விற்பனை இதுதான். சென்னையில் பாடும் யாருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு தலைவலி, பெயர். 'புழுக்கம்' என்று ஒரு பாட்டு. 'ழ'வுக்கு ஆங்கிலத்தில் சிலர் இசட் எச் போடுகிறார்கள், சிலர் எல் போடுகிறார்கள். பாட்டு பிடித்துத் தேடியவர்களே கிடைக்கவில்லை என்று சொன்னார்கள். இப்போது தலைப்பைத் தமிழில் எழுதி, பக்கத்தில் ஒரே ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டை முடிவு செய்து எல்லாத் தளங்களிலும் அதையே போடுகிறேன். மற்ற எழுத்துக்கூட்டுகள் விவரக்குறிப்பில் இருக்கும்.

ஸ்பாட்டிஃபை, யூடியூபை விடவில்லை. பாட்டைப் புதியவர்கள் கேட்பது அங்கேதான். ஆனால் ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்குப் பணம் கணக்கில் சேராது. என் பாதிப் பாடல்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே. எந்த ஊரில் எத்தனை பேர் என்று தெரியும், யார் என்று தெரியாது. பேண்ட்கேம்ப்பில் வாங்கியவர் சம்மதித்தால் அவர் மின்னஞ்சல் முகவரி நம்மிடம் வரும். அடுத்த பாட்டை நேராக அவருக்கே அனுப்பலாம். எனக்கு இதுதான் பெரிய வித்தியாசம்.

பாடல்களை அந்தத் தளங்களுக்கு அனுப்ப ஒரு விநியோக நிறுவனத்துக்கு வருடக் கட்டணம் கட்டிவந்தேன். 2021 அக்டோபரில் கார்டு தானியங்கிக் கட்டண விதிகள் மாறின. என் கட்டணம் போகவில்லை, பாடல்கள் ஒரே நாளில் எல்லா இடத்திலிருந்தும் காணாமல் போயின. உதவி கேட்டு எழுதியதற்கு இரண்டு வாரம் கழித்து, எல்லோருக்கும் அனுப்பும் ஒரு பொதுவான பதில் வந்தது. வேறிடத்தில் மறுபடி ஏற்றியபோது பழைய ஐஎஸ்ஆர்சி எண்களையே (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுத்ததால் கேட்ட எண்ணிக்கை திரும்பக் கிடைத்தது. அந்த 12 எழுத்துக் குறியீட்டை ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அப்புறம், விநியோகஸ்தர் வசூலிப்பது ஒலிப்பதிவுக்கான பணத்தை மட்டும். வரிக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டி தனி. அதற்கு, பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராக வேண்டும். நான் மூன்று வருடம் தாமதமாகச் சேர்ந்தேன்.

பேண்ட்கேம்ப்பையும் கண்ணை மூடி நம்பச் சொல்லமாட்டேன். 2022இல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் அதை வாங்கியது, அடுத்த வருடமே சாங்டிரேடர் என்ற இசை உரிம நிறுவனத்துக்கு விற்றது. அப்போது பணியாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேலை இழந்தார்கள். அதிலிருந்து மாதம் ஒரு தடவை வாங்கியவர்களின் மின்னஞ்சல் பட்டியலை இறக்கி என் கணினியில் வைத்துக்கொள்கிறேன். அதில் அந்த டொராண்டோக்காரர் பெயர் இன்னும் முதலில் இருக்கிறது. நான் போட்ட மூன்று தொகுப்புகளையும் வாங்கிவிட்டார்.