ட்ரோன் விலை குறைந்தது சரி, பேட்டரி?

2025 செப்டம்பர் 22 முதல் எல்லா ட்ரோனுக்கும் ஒரே 5% ஜிஎஸ்டி என்று ஆனதும் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். கடைசியாகப் பேசியவர் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. "அண்ணே, பத்து லிட்டர் ட்ரோன் எடுத்து மருந்தடிக்க வாடகைக்கு ஓட்டலாம்னு இருக்கேன். நீங்க இத்தனை வருஷமா வச்சிருக்கீங்க, சொல்லுங்க" என்றார். போனில் சொன்னது போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மிஷினில் எனக்குக் குறையே இல்லை. வயலின் மூலைகளை ரிமோட்டில் குறித்துக் கொடுத்தால் தானே ஏறி, தானே வரிசை பிடித்து, பயிருக்கு மேலே ஒரே உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். இன்றும் எனக்கு அலுக்காத விஷயம் ஒன்று உண்டு. நடுவயலில் மருந்து தீர்ந்தால் திரும்பி வந்து இறங்கும். டேங்க்கை நிரப்பி அனுப்பினால் விட்ட இடத்துக்கே போய் அங்கிருந்து தொடரும். விசைத்தெளிப்பானைச் சுமந்துகொண்டு சேற்றில் நடக்கிறவருக்கு அந்த இடம் துல்லியமாகத் தெரியாது. ஒரு பக்கம் இரண்டு முறை விழும், இன்னொரு பக்கம் விழாமலே போகும்.

கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் வரை சுமக்க வேண்டும். ட்ரோனுக்கு ஒரு டேங்க், 10 லிட்டர். டெல்டாவில் இலைச்சுருட்டுப் புழு வந்தால் ஊரே ஒரே வாரத்தில் ஆள் தேடும். அந்த வாரத்தில் ஆள் கிடைக்காமல் விளைச்சலை விட்டவர்கள் இப்போது முதல் நாளே என்னிடம் சொல்லி வைக்கிறார்கள். முன்பு தோளில் டேங்க் மாட்டி நடந்த இரண்டு பேர் இப்போது என்னோடு வண்டியில் வருகிறார்கள். மருந்து கலப்பது, வரப்பில் நின்று மின்கம்பி, தென்னை பார்ப்பது அவர்கள் வேலை. மருந்துச் சாரலுக்குள்ளேயே நடக்கிற அவஸ்தை அவர்களுக்கு இனி இல்லை. இதற்காகவே இந்த மிஷினைக் கும்பிடலாம்.

புகையான் பூச்சிக்கு மட்டும் நான் ஆர்டர் எடுப்பதில்லை. பூச்சி தூரின் அடியில் இருக்கும். பயிர் அடர்ந்துவிட்டால் மேலிருந்து விழும் சாரல் அங்கே சரியாகப் போய்ச் சேராது. ஆளை வைத்தே அடிக்கச் சொல்லிவிடுவேன்.

சரி, இப்போது பேட்டரி. ஒரு செட்டில், அதாவது இரண்டு பேட்டரியில், பறப்பது பத்து நிமிடத்துக்குள், ஏறக்குறைய ஓர் ஏக்கர். இறங்கும்போது கை வைக்க முடியாத சூடு. அந்தச் சூட்டில் சார்ஜ் போட்டால் ஆயுள் போய்விடும், ஆற விட வேண்டும். அதற்குப் பிறகு வயலோரத்து ஜெனரேட்டரில் முக்கால் மணி நேரம். காற்று அடங்கியிருக்கும் காலை நேரமும் மாலை நேரமும்தான் நமக்குச் சம்பாத்தியம். அதில் பாதி, ட்ரோனைத் தரையில் வைத்துவிட்டு சார்ஜரைப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே போகிறது.

மழை வந்து வேலை நின்றால் அது வேறு தொல்லை. முழு சார்ஜில் விட்டால் பேட்டரி உப்பிப் போகும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு செல்லையும் 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும். முறையாகச் செய்தும் போன மாதம் ஒரு பேட்டரியில் ஒரு செல் படுத்துவிட்டது. ஆறு செல்லில் ஒன்று போனால் பேட்டரியே போச்சு. இரண்டு பேட்டரி சேர்ந்ததுதான் ஒரு செட் என்பதால் பழையதோடு புதியதைச் சேர்க்கவும் கூடாது, ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். விற்றவரைக் கேட்டால், "பேட்டரி தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது" என்கிறார். வெளியே வாங்கலாம் என்றால் என் மிஷினில் அவர்கள் பேட்டரியைத் தவிர வேறெதுவும் பொருந்தாது. பறக்கும் இயந்திரத்தை இவ்வளவு அழகாகச் செய்தவர்கள் இதில் மட்டும் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே ஆத்திரமாக வருகிறது.

வரிக் குறைப்பிலும் இதே கதைதான். ட்ரோனுக்கு 5%, தனியாக வாங்கும் லித்தியம் பேட்டரிக்கு 18%. ட்ரோனை ஒரு முறை வாங்குகிறோம், பேட்டரியைத் திரும்பத் திரும்ப வாங்குகிறோம். மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கும் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் கூடுதலாக நான்கு செட் பேட்டரி சேர்த்தே கொடுக்கிறார்கள். அதைப் போட்டவர்களுக்கு வயல் நிலவரம் தெரிந்திருக்கிறது. சொந்தக் காசில் வாங்குகிற நமக்கு மட்டும் ஒரே செட்டோடு விலைப்பட்டியல் வருகிறது, பார்க்க மலிவாகத் தெரிகிறது.

தம்பி, மேலே நான் புகழ்ந்ததில் ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெறமாட்டேன். ஆனாலும் இந்தச் சம்பாவுக்கு வாங்காதீர்கள். வாங்கியே தீர வேண்டும் என்றால் ஐந்து செட், இரண்டு சார்ஜர், ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து விலை கேளுங்கள். அப்புறம், இரண்டு வருடம் கழித்துப் பேட்டரி என்ன விலைக்குத் தருவார்கள் என்பதைக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தந்தால் எனக்கும் ஒரு போன் போடுங்கள், என் அடுத்த மிஷினையும் அவர்களிடமே எடுத்துக்கொள்கிறேன்.