காட்டுச் சேவலா, பண்ணைச் சேவலா? தெற்கு டகோட்டாவில் இரண்டு வேட்டைகள்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் அக்டோபர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை ஏறக்குறைய ஊர்த்திருவிழா. வெளிமாநிலத்தவர்க்கும் சேர்த்து ஃபெசன்ட் வேட்டை தொடங்கும் நாள் அது. நம் கௌதாரிக்கும் மயிலுக்கும் உறவான இந்தப் பறவை சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1919இல் தெற்கு டகோட்டாவின் ஸ்பிங்க் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) ஒரே ஒரு நாள் சுட அனுமதித்தார்கள். 1943 முதல் அதுவே மாநிலப் பறவை.

இன்று அங்கே போகிறவர் புல்வெளியில் பிறந்து வளர்ந்த பறவையைத் தேடி நடக்கலாம். அல்லது, வலைக்கூண்டில் வளர்த்துத் திறந்துவிட்ட பறவையை உரிமம் பெற்ற வேட்டைப் பண்ணையில் காசு கட்டிச் சுடலாம்.

காட்டு வேட்டையில் நாளுக்கு மூன்று சேவல் மட்டுமே, பெட்டையைத் தொடக்கூடாது. ஒரு சேவல் பல பெட்டைகளோடு இணையும் என்பதால், சேவல் குறைந்தாலும் அடுத்த ஆண்டின் குஞ்சுகள் குறைவதில்லை. பருவம் ஜனவரியோடு முடிகிறது. பண்ணைகளுக்கோ செப்டம்பர் முதல் மார்ச் இறுதி வரை ஏழு மாதம். எத்தனை சுடலாம் என்பதைப் பெரும்பாலும் கட்டணம்தான் முடிவு செய்கிறது.

பறவையைக் கையில் எடுத்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். நெரிசலில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கப் பண்ணையில் அலகின் மேல் பிளாஸ்டிக் மறைப்பு மாட்டுவார்கள். அதை நாசித்துளை வழியே குத்திப் பொருத்தும் பண்ணைகளில் அந்தத் துளை பிறகும் தெரியும். நீண்ட வால் இறகு கம்பிவலையில் உரசித் தேய்ந்திருக்கும். காட்டுச் சேவல் நாயின் மோப்பத்துக்கு எளிதில் நிற்காது. சோளக்கொல்லை வரிசைகளுக்குள் ஓடி, மறுமுனையில் எட்டாத தொலைவில் எழும்பும். அன்று காலை விடப்பட்ட பறவை பல நேரம் காலடிவரை அசையாமல் கிடக்கும். அதைச் சுடுவதை வேட்டை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இதன் உச்சத்தை உலகம் 2003 டிசம்பரில் பார்த்தது. பென்சில்வேனியாவின் ஒரு தனியார் கிளப்பில், அன்றைய துணை அதிபர் டிக் செனி இருந்த பத்துப் பேர் குழுவுக்காகச் சுமார் 500 ஃபெசன்ட்களைத் திறந்துவிட்டார்கள். நானூறுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டதாகச் செய்திகள் கூறின. வேட்டைக்காரர்களிலேயே பலர் முகம் சுளித்தார்கள்.

ஆனாலும் எனக்குப் பெரிய கேள்வி நிலம்தான். காட்டுப் பெட்டை தரையில், புல் மறைவில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முதல் சில வாரங்கள் பூச்சி தின்றே வளர்கின்றன. புல் போனால் பறவையும் போய்விடும். அரிக்கும் நிலத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டு உழாமல் புல்லாக விடும் விவசாயிக்குப் பணம் தரும் கூட்டரசுத் திட்டம் 1985 வேளாண் சட்டத்தில் வந்தது, ஃபெசன்ட்டும் பெருகியது. 2007க்குப் பின் மக்காச்சோள விலை ஏறி, புல்வெளிகள் உழப்பட்டன, எண்ணிக்கை சரிந்தது. காட்டுப் பறவையைத் தேடுகிறவருக்கு அந்தப் புல் வேண்டும். அதற்காக அவர் வாதாடுவார், பணமும் தருவார். பண்ணைப் பறவைக்குத் தேவை தீவனமும் வலையும் மட்டுமே.

பண்ணைக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பலர் வரிசை வரிசையாகச் சோளத்தையும் உயரமான புல்லையும் வளர்க்கிறார்கள். பனிக்காலத்தில் காட்டுப் பறவைகளும் அங்கே ஒதுங்குகின்றன. இளம் நாயைப் பழக்கவும், நெடுந்தூரம் நடக்க முடியாத முதியவர்களுக்கும் பண்ணைகள் உதவுகின்றன என்பதை மறுக்க மாட்டேன்.

அரசே வளர்த்துப் பொதுநிலத்தில் விடுவது மூன்றாவது வழி. பென்சில்வேனியாவில் அப்படித்தான், 2017 முதல் பெரியவர்கள் அதற்குத் தனி அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். அங்கும் விடப்படும் பறவைகளில் மிகச் சிலவே பனிக்காலத்தைத் தாண்டுகின்றன.

என் தேர்வு காட்டு வேட்டைதான், வெறுங்கையோடு திரும்பும் நாட்களையும் சேர்த்தே. பண்ணைக்குத்தான் போவேன் என்பவர் முன்பணம் கட்டுமுன் இரண்டைக் கேட்டுக்கொள்ளட்டும்: பறவையை எத்தனை நாள் முன்பு திறந்துவிடுகிறீர்கள்? வேட்டைப் பருவம் முடிந்ததும் இந்தப் புல்லை உழுதுவிடுவீர்களா, விட்டுவைப்பீர்களா?