சீசன் வேலை: தீவின் இரவு பாரா, பனிமலை ஹோட்டலா?

நாலைந்து மாதம் வெளிநாட்டில் சீசன் வேலை பார்க்கலாம் என்று கிளம்புகிறவருக்கு ஐரோப்பாவில் பெரிதாக இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, மே முதல் அக்டோபர் தொடக்கம் வரை ஸ்பெயினின் இபிஸா, மகலூஃப், கிரேக்கத்தின் மாலியா, சைப்ரஸின் அயியா நாப்பா மாதிரி கோடைத் தீவு ஊர்களில் பார், கிளப் வேலை. மற்றது, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஆல்ப்ஸின் பனிச்சறுக்கு ஊர்களில் ஹோட்டல், உணவக வேலை. எங்கள் சாய்வு மலைப் பக்கம்தான். தீவுக்கும் நியாயம் உண்டு, அது பின்னால் வரும்.

கடலா பனியா என்பது அவரவர் விருப்பம். வேலையின் உடல் உழைப்பிலும் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் சீசன்காரருக்கு இரண்டு இடத்திலும் கிடைப்பது காக்டெய்ல் கலக்குகிற வேலை அல்ல. ஐஸ் சுமப்பது, கிளாஸ் பொறுக்குவது, பீர் பேரல் மாற்றுவது, பாத்திரம் கழுவுவது, அறை சுத்தம் செய்வது, இவைதான். இரண்டையும் பிரிப்பது ஒரே விஷயம்: ராத்திரி எங்கே படுப்பது?

மலை ஊர் ஹோட்டல் முதலாளிக்கு வேறு வழியே கிடையாது. பள்ளத்தாக்கிலிருந்து தினம் மேலே வந்து போகிற ஆள் கிடைக்க மாட்டார். ஊரிலுள்ள வீடெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு வார வாடகைக்குப் போய்விடும். அதனால் வேலையோடு அறையும் சாப்பாடும் சேர்ந்தே வருவது வழக்கம். ஆஸ்திரிய, சுவிஸ் விளம்பரங்களில் 'கோஸ்ட் உண்ட் லோஜி' (Kost und Logis) என்றும், பிரெஞ்சு விளம்பரங்களில் 'லோஜே, நூரி' (logé, nourri) என்றும் இருக்கும். இரண்டுக்கும் பொருள் தங்குமிடம், சாப்பாடு. தேடும்போது இந்தச் சொற்களையே தேடுங்கள். அறை பெரும்பாலும் அடித்தளத்தில், இருவர் பங்கு, ஜன்னல் பேருக்குத்தான். ஆனாலும் அது உங்கள் படுக்கை.

தீவில் நடப்பது நேர் எதிர். கிளப் முதலாளி ஆள் எடுப்பார், அறை தரமாட்டார். இபிஸாவில் வாடகை எகிறிப்போய், வேலையில் இருப்பவர்களே கேரவனிலும் கூடாரத்திலும் படுக்கிற நிலை. 2024 கோடையில் அங்கே கான் ரோவா என்ற இடத்தில் இருந்த அப்படிப்பட்ட ஒரு முகாமை அதிகாரிகள் காலி செய்தார்கள். வீட்டில் படுக்கை கிடைத்தாலும் நாலைந்து பேர் ஒரே அறையில். முழு சீசன் வாடகையையும் முன்கூட்டியே கேட்பார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருக்காது, அட்வான்ஸ் திரும்பி வருமா என்பது அதிர்ஷ்டம். ஒப்பந்தம் இல்லாத வீட்டை வைத்து, அங்கே குடியிருப்பதாக நகராட்சியில் பதிவு செய்வதும் சிரமம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். தீவில் பிடித்தம் போகக் கைக்கு 1,700 யூரோ, மலையில் 1,500 என்று வைத்துக்கொள்வோம். தீவில் படுக்கைக்கு 600, சாப்பாட்டுக்கு 250 போனால் மிச்சம் 850. மலையில் அறையும் சாப்பாடும் ஒப்பந்தத்தில் இருந்தால் சோப்பு, போன், ஓய்வு நாள் செலவு போக 1,300 தேறும். சம்பளம் குறைவான இடத்தில் மிச்சம் அதிகம். இதிலும் தீவுக்காரருக்கு உண்மையான கூட்டம் ஜூலை, ஆகஸ்டில்தான். மேயிலும் செப்டம்பர் கடைசியிலும் ஷிஃப்டை வெட்டுவார்கள். வாடகையை யாரும் வெட்ட மாட்டார்கள்.

மலையிலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது. சம்பளம் ப்ருட்டோவா நெட்டோவா, அதாவது பிடித்தத்துக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். அறைக்கு மாதம் எவ்வளவு கழிப்பார்கள், ஓய்வு நாளிலும் சாப்பாடு உண்டா, படுக்கை விரிப்பு யார் தருவது, வேலை பாதியில் நின்றால் எத்தனை நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும், எல்லாம் எழுத்தில் வரட்டும். கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வேலையும் அறையும் ஒரே கையில் இருப்பதால் முதலாளியோடு சண்டை வந்தால் அன்று ராத்திரியே தெருவுக்கு வரும் ஆபத்து உண்டு. மலைப் பாதையின் மிகப் பெரிய ஓட்டை அதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள பாஸ்போர்ட் என்றால் தங்குமிடம் விசா விஷயமாகவும் ஆகிவிடுகிறது. சீசன் தொழிலாளர்களுக்கான ஒன்றிய உத்தரவு 2014இல் வந்தது. டென்மார்க்குக்கும் அயர்லாந்துக்கும் அது பொருந்தாது. 12 மாத காலத்தில் 5 முதல் 9 மாதம் வரை என்ற எல்லைக்குள் ஒவ்வொரு நாடும் உச்சவரம்பு வைக்கலாம். விண்ணப்பத்தோடு வேலை ஒப்பந்தம் அல்லது முதலாளியைக் கட்டுப்படுத்தும் வேலை உறுதிக் கடிதம் வேண்டும். அதில் இடம், வேலை, காலம், சம்பளம், வேலை நேரம் எல்லாம் இருக்க வேண்டும். போதுமான தங்குமிடம் இருப்பதற்கான சான்றும் வேண்டும். முதலாளி அறை தந்தால் வாடகை அளவுக்கு மீறக் கூடாது, அதைச் சம்பளத்திலிருந்து தானாகக் கழிக்கவும் கூடாது.

மலை ஹோட்டலின் 'அறையோடு வேலை' ஒப்பந்தம் இந்தச் சட்டகத்துக்குள் அப்படியே உட்கார்ந்துவிடும். 'வந்து பாருங்கள், கமிஷன் நன்றாக வரும்' என்ற கிளப் வாய்வார்த்தை எங்கேயும் உட்காராது. ஆஸ்திரியாவில் சுற்றுலா சீசன் ஆட்களுக்குத் தனிக் கோட்டா உண்டு. இத்தாலியில் ஆண்டுதோறும் அரசு அறிவிக்கும் எண்ணிக்கைக்குள் முதலாளிதான் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். பிரான்சின் சீசன் அட்டை மூன்று ஆண்டு வரை செல்லும், ஆனால் ஆண்டுக்கு ஆறு மாதம்தான் வேலை. சுவிட்சர்லாந்து ஒன்றியத்திலேயே இல்லை. வெளிப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே கதவு மிகக் குறுகல்.

ஒரு எச்சரிக்கை. பிரிட்டனின் 'சீசனல் வொர்க்கர்' விசா தோட்டப்பயிர், கோழி இறைச்சி வேலைகளுக்கு மட்டும். அதை வைத்து லண்டன் பாரில் வேலை என்று பணம் கேட்கிறவர் மோசடிக்காரர். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறவரும் அதே ரகம்.

தீவில் புதிதாக வருகிறவருக்கு எளிதில் கிடைப்பது 'பிஆர்' வேலை. தெருவில் நின்று ஆட்களைப் பாருக்குள் இழுப்பது, டிக்கெட் விற்பது. அடிப்படைச் சம்பளம் பல இடங்களில் பூஜ்யம். மழை பெய்த நாளில் வருமானமும் பூஜ்யம். மகலூஃப், இபிஸாவின் சான் அந்தோனியோ முதலிய இடங்களின் குறிப்பிட்ட பகுதிகளில் 2020 ஜனவரிச் சட்டம் பப் க்ராலையும் (கூட்டமாகப் பார் பாராகப் போய்க் குடிப்பது) ஹேப்பி ஹவரையும் (மலிவு விலையில் மது தரும் நேரம்) தடை செய்தது. ஆகவே அங்கே பப் க்ரால் கூட்டிப்போகும் வேலை என்று யாராவது சொன்னால், தடையை மீறச் சம்பளம் தருகிறார் என்று பொருள். 'ட்ரையல் ஷிஃப்ட்' என்று நாலு ராத்திரி சும்மா வேலை வாங்கிவிட்டு அனுப்புவதும் வழக்கம்தான். இலவசமாகப் பார்க்கும் சோதனை ஓரிரு மணி நேரத்தைத் தாண்டினால் விலகிவிடுங்கள்.

வேலை நேரத்தில் மலைக்கும் குறை உண்டு. ஆஸ்திரியாவில் வாரம் ஆறு நாள், 48 மணி நேரம் என்ற விளம்பரம் சாதாரணம். காலை உணவுக்கு ஆறரைக்கு இறங்கி, பத்தரை பதினொன்றுக்கு முடித்து, மாலை ஐந்தரைக்கு மறுபடி இறங்க வேண்டும். நடுவில் வரும் இடைவெளிக்கு 'ஸிம்மர்ஷ்டுண்டே' என்று பெயர். சறுக்கப் போகிறவருக்கு அது வரம். தூங்க நினைப்பவருக்கு ஒரு நாளை இரண்டாக வெட்டிய மாதிரி. ஆனால் ஆஸ்திரியக் கூட்டு ஒப்பந்தப்படி விடுமுறைப் பணம், கிறிஸ்துமஸ் பணம் என்ற கூடுதல் சம்பளங்கள் உண்டு, சீசன் ஆளுக்கு வேலை செய்த காலத்துக்கேற்ப. கடைசிச் சம்பளச் சீட்டில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்னொன்று: ஓய்வு நேரத்தில் சறுக்கி முழங்கால் உடைந்தால் அது வேலை விபத்தாகாது. மீட்புச் செலவையும் சேர்த்துக்கொள்ளும் சறுக்குக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும்.

தீவு ஜெயிக்கிற இடம் எது? ஒன்றிய பாஸ்போர்ட், பாரில் வேகமாக ஊற்றிப் பழகிய கை, தீவில் ஏற்கெனவே உறுதியான படுக்கை. இந்த மூன்றும் இருந்தால் ஜூலை, ஆகஸ்டு வருமானத்தை மலை எட்டிப் பிடிக்காது. தீவிலேயே பெரிய கடற்கரை ஹோட்டல்கள் சில ஊழியர் அறை தருகின்றன. அதுவும் நல்ல வழிதான். டிப்ஸ் எங்கே அதிகம் என்பதில் மட்டும் எந்தப் பக்கமும் சாய மாட்டோம். அது ஊரைவிட, டிப்ஸை எப்படிப் பங்கு பிரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரவு வாழ்க்கைதான் வேண்டும் என்கிறவருக்கு மலையிலும் வழி உண்டு. ஆஸ்திரியாவின் ஸங்க்ட் ஆன்டோன், இஷ்கிள் மாதிரி ஊர்களின் ஆப்ரே-ஸ்கீ பார்கள், அதாவது சறுக்கி முடித்தவர்கள் நேராக வந்து குடிக்கும் பார்கள், மாலை மூன்று நாலு மணிக்கே நிரம்பிவிடும். கனத்த சறுக்குக் காலணியோடு மேசை மேல் ஆடுகிற கூட்டத்துக்கு நடுவே தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் போக வேண்டும். அங்கே கேட்க வேண்டிய கேள்வியும் அதே: அறை உண்டா?

வேலை உறுதி வந்ததும் கடிதத்திலுள்ள எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். ஹோட்டலின் சொந்த வலைத்தளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து, இப்படி ஒரு கடிதம் கொடுத்தீர்களா என்று கேளுங்கள். ஊழியர் அறையின் படம் கேளுங்கள். உண்மையான மேலாளர் இரண்டு நாளில் அனுப்பிவிடுவார், போலி ஏஜென்ட் பேச்சை மாற்றுவார்.

தீவுக்குத் தேடல் பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கும். மலைக்கு ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. விசா வேண்டியவர் ஆகஸ்டைத் தாண்டக் கூடாது. விசா தேவையில்லாதவருக்கு இரண்டாவது சுற்று ஒன்று உண்டு: புத்தாண்டு வாரத்தின் நெரிசல் தாங்காமல் விட்டுப் போகிறவர்களாலும், முழங்கால் உடைந்து கட்டிலில் கிடப்பவர்களாலும் ஜனவரி முதல் பத்து நாளில் இடங்கள் காலியாகும். அப்போது கிடைப்பது காலியான வேலை மட்டுமல்ல, காலியான படுக்கையும்.